பன்னிரண்டு அணா வலியும் நான்கு மணிக் கணக்கும்: எங்கள் ஊராட்சியின் பாலியேட்டிவ் சேவை குறித்து

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையை ஒட்டி இருக்கிறது. ரேஷன் அட்டை கேரளத்தினுடையது, வீட்டுப் பேச்சும் பள்ளிப் படிப்பும் தமிழ், பெரிய நோய் வந்தால் ஓடுவது கோயம்புத்தூருக்கு. 78 வயதான என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிய பிறகு, ஏழு மாத காலம் எங்கள் ஊராட்சியின் பாலியேட்டிவ் பிரிவு, அதாவது தீராத நோயிலும் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பிரிவு, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டது. அந்தச் சேவை எப்படி இருந்தது, எங்கே குறைபட்டது என்பதை, இதே நிலையில் இருக்கும் எல்லையோரக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன். மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு போடுவேன். குறைத்த ஒன்றுக்கான காரணத்தையும் மறைக்கப் போவதில்லை.

முதலில், இந்தச் சேவைக்கு நாங்கள் வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். நகரத்தில் நாங்கள் பார்த்த தனியார் மருத்துவமனை ஒன்றில், பெயர் வேண்டாம், அம்மாவுக்கு டிரமடால் 50 மில்லிகிராம் மாத்திரையை எழுதி, "வலித்தால் மட்டும் போடுங்கள்" என்று அனுப்பினார்கள். வலித்தால் மட்டும் என்ற அந்த இரண்டு சொற்கள் எங்களை இரண்டு மாதம் அலைக்கழித்தன. வலி வந்த பிறகு மாத்திரை, மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம், வலி சற்று அடங்கி அம்மா கண்ணயரும்போது மருந்தின் வேகம் தீர்ந்து மறுபடி வலி. இதைவிடப் பலமான மருந்து கிடையாதா என்று கேட்டதற்கு, அதெல்லாம் கடைசிக் கட்டத்துக்கு என்று பதில் வந்தது. அப்போது எங்களுக்கும் அதுவே சரியென்று பட்டது. அபினியிலிருந்து எடுக்கும் மார்பின் என்ற வலி மருந்து என்றால் சாவுக்கு முந்தின ஊசி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

ஊர்ச் சுகாதாரப் பணி பார்க்கும் ஆஷா தொண்டராக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்தான், "ஏனுங் சார், நம்ம பஞ்சாயத்துலயே பாலியேட்டிவ் இருக்குதே, பேர் குடுத்தா வீட்டுக்கே வருவாங்களே" என்றார். கேரளத்தில் இது புதிய ஏற்பாடு அல்ல. 1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தில் விதைபட்டு, ஊர்தோறும் தொண்டர்களைச் சேர்த்து வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே அறிவிக்கப்பட்டது. உள்ளாட்சிதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைந்து ஒரு செவிலியர் இருப்பார், வண்டி இருக்கும், மருந்துக்கு ஊராட்சி நிதி ஒதுக்கும். மலையாளத்தில் இதற்குச் சாந்த்வன பரிசரணம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது பாலியேட்டிவ் என்றுதான். "பாலியேட்டிவ்காரங்க வந்திருக்காங்க" என்றால் தெருவுக்கே புரியும்.

பதிவு எளிது. பழைய மருத்துவமனைச் சீட்டுகள், ஸ்கேன் அறிக்கை, ரேஷன் அட்டை நகல் ஆகியவற்றோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நான்காம் நாள் ஜீப் வந்தது. செவிலியர், ஓட்டுநர், தபால் துறையில் ஓய்வு பெற்ற தொண்டர் ஒருவர் என மூவர் இறங்கினார்கள். முதல் வருகை ஒன்றேகால் மணி நேரம் நீடித்தது. நகர மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த எந்தச் சந்திப்பும் ஆறு நிமிடத்தைத் தாண்டியதில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செவிலியர் நென்மாறைப் பக்கத்து மலையாளி. தமிழை மலையாளம் கலந்துதான் பேசுவார். "அம்மா, பத்துல எத்தன மார்க்கு வேதன?" என்று கேட்டார். "மார்க்கெல்லாம் எம்பையனக் கேளு கண்ணு, அவந்தான் வாத்தியாரு" என்று அம்மா சொல்லிவிட்டார். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளக்கும் முறை உலகமெங்கும் வழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் எழுத்தறியாத ஒரு கிழவிக்குப் பத்து என்பது பொருள்படவில்லை. அந்தத் தபால்காரப் பெரியவர் முன்னால் வந்து, "ஏனுங்க்கா, ரூவாய்க்கு எத்தன அணா வலிக்குது?" என்றார். அம்மா உடனே, "பன்னெண்டணா. ராத்திரீல பதினாறும்தான்" என்றார். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று செவிலியர் கணக்குப் போட்டு, பகலில் ஏழரை, இரவில் பத்து என்று அட்டையில் எழுதினார். அன்றிலிருந்து ஏழு மாதமும் எங்கள் வீட்டில் வலி அணாவில்தான் அளக்கப்பட்டது.

செவிலியர் மார்பின் எழுத முடியாது. தாலுகா அளவிலான மருத்துவமனையின் பாலியேட்டிவ் பிரிவில் அதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவர் ஒரு முறையாவது நோயாளியைப் பார்த்தாக வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்த மாத்திரையை அவ்வளவு இறுக்கிப் பூட்டி வைத்திருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே உரிமத்தில் வாங்கி வைத்துக் கொடுக்கலாம் என்று வழி செய்தார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே ஆலை வைத்து அபினியைப் பதப்படுத்தும் நாட்டில், சட்டப்படி அபினி விளைவித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாட்டில், புற்றுநோயாளிக்கு அதிலிருந்து ஒரு மாத்திரை கிடைக்க இத்தனை காலமாயிற்று என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

அந்த மருத்துவர் எங்களுக்கு மருந்தை விளக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். எங்கள் வீட்டுத் தோப்புக்கு மூலத்தறையிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீர்தான் பாய்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே எடுத்துக்கொண்டார். எலும்பில் கட்டி அரிக்கும் இடத்தில் வலி பிறக்கிறது. நரம்பு வழியே அது முதுகுத்தண்டுக்கு வருகிறது. அங்கே ஒரு மடை. அந்த மடையைத் தாண்டினால்தான் மூளைக்குப் போய் வலி என்று உணரப்படும். டைக்ளோஃபினாக் போன்றவை பெரும்பாலும் தண்ணீர் ஊறும் இடத்திலேயே வரத்தைக் குறைப்பவை. மார்பின் மடையிலேயே பலகையை இறக்குகிறது. முதுகுத்தண்டின் அந்த இடத்தில் மியூ என்ற ஏற்பிகள், அதாவது மருந்து வந்து பொருந்தும் இடங்கள், நரம்பணுக்களின் மேல் இருக்கின்றன. மார்பின் அவற்றில் போய் அமர்ந்ததும், செய்தி அனுப்பும் அணுவுக்குள் கால்சியம் நுழைவது குறைந்து, அடுத்த அணுவுக்கு அது விடும் வேதிப்பொருள் சுரப்பது மட்டுப்படுகிறது. செய்தியை வாங்கும் அணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறி அது எளிதில் தூண்டப்படாமல் அடங்கிவிடுகிறது. இதற்கு மேலாக நடுமூளையிலிருந்து கீழே இறங்கும் பாதைகளையும் மார்பின் கிளப்பிவிட்டு, மேலிருந்தும் மடையை அடைக்கச் செய்கிறது.

உடம்பில் இப்படி ஓர் ஏற்பி ஏன் இருக்க வேண்டும், நாம் அபினி தின்னப் பிறந்தவர்களா என்று நான் கேட்டேன். சிரித்துவிட்டு, நம் உடம்பே அதே வகைச் சரக்கைச் செய்து வைத்திருக்கிறது என்றார். 1973இல் ஏற்பிகளைக் கண்டுபிடித்தார்கள், 1975இல் ஆபர்தீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்சும் உடம்பு தானே சுரக்கும் என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். வயலில் பாம்பு துரத்த ஓடியவனுக்குக் காலில் முள் தைத்தது வீடு வந்த பிறகுதான் தெரியும் என்பார்களே, அதில் இந்தச் சுரப்புக்கும் பங்கு உண்டாம்.

இன்னொன்றையும் அவர் சொன்னார், அதை அம்மா தம் வாயாலேயே உறுதிப்படுத்தினார். மார்பின் வலியின் அளவைக் குறைப்பதோடு, வலி தரும் துன்பத்தையும் தனியாகக் குறைக்கிறது. மூன்றாம் நாள் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "வலி போகலை, ஆனா பக்கத்து வூட்ல இருக்கிற மாதிரி இருக்குது" என்றார் அம்மா.

மருந்து தொடங்கும் முன் சிறுநீரகப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலில் மார்பின் மாறிக் கிடைக்கும் பொருள்கள் சிறுநீரகத்தின் வழியேதான் வெளியேற வேண்டும்; சிறுநீரகம் பழுதானால் அவை தேங்கி அளவுக்கு மீறிய தூக்கத்தில் தள்ளிவிடும். அம்மாவுக்கு அது சரியாக இருந்தது. 10 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு என்று நேரம் குறித்தார்கள். இரவு 10 மணிக்கு மட்டும் முழு மாத்திரை, நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. சாதாரண மார்பின் மாத்திரையின் வேகம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். அது தீரும் முன்பே அடுத்தது உள்ளே போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்துக் கொடுத்த முறையில், வாய்வழி கொடு, மணி பார்த்துக் கொடு, படிப்படியாக ஏற்று என்பவை அடிப்படை. பாரசிட்டமால் வகை முதல் படி, டிரமடால், கோடீன் போன்றவை இரண்டாவது, மார்பின் மூன்றாவது. டிரமடாலுக்குப் பொதுவாக நாளுக்கு 400 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு உண்டு, முதியவர்களுக்கு இன்னும் குறைவு. மார்பினுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. வலிக்கும் பக்கவிளைவுக்கும் நடுவே எது தாங்குமோ அதுவே அளவு. (நான் எழுதும் அளவு என் தாயாருக்கு அவருடைய மருத்துவர் குறித்தது. இதைப் பார்த்து யாரும் வீட்டில் மாத்திரை உடைக்க வேண்டாம்.)

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிந்தது. மாத்திரையைக் கொடுத்ததோடு நில்லாமல், மணிக் கணக்கை எங்கள் கையில் படிய வைத்தார்கள். செவிலியர் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, ஐந்து கட்டம் வரைந்து, கொடுத்தவுடன் கோடு போடச் சொன்னார். அம்மா வலியில்லை என்று சொன்னாலும் கொடுக்க வேண்டும், வலியில்லை என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே தவிர மருந்து தேவையில்லை என்பதற்கு அல்ல என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை என் மனைவியைத் திருப்பிச் சொல்ல வைத்தார். நான் 31 ஆண்டு பாடம் நடத்தியவன். இவ்வளவு நல்ல ஆசிரியரை அதிகம் பார்த்ததில்லை.

வாரக் கடைசியில் அம்மா நாலணா என்றார். பிறகு அளவை முழு மாத்திரையாக ஏற்றியதும் இரண்டணாவுக்கு இறங்கியது. எலும்பு வலிக்கு மார்பின் மட்டும் போதாது என்று, கோயம்புத்தூரில் இடுப்புக்கு ஒரே ஒரு நாள் கதிர்வீச்சு கொடுத்து வரவும் அவர்களே கடிதம் எழுதினார்கள். இதை யாரும் முன்பே எங்களுக்குச் சொல்லவில்லை.

பக்கவிளைவுகளைப் பற்றியும் நேர்மையாக முன்கூட்டியே சொன்னார்கள். முதல் மூன்று நான்கு நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு உடம்பு பழகிவிடும், ஆனால் மலச்சிக்கல் மட்டும் பழகாது என்றார்கள். குடல் சுவரிலும் அதே மியூ ஏற்பிகள் இருப்பதால் மார்பின் குடலின் அசைவையும் மந்தமாக்குகிறது. ஆகவே மார்பின் சீட்டோடு மலமிளக்கி மாத்திரையும் முதல் நாளிலேயே எழுதப்பட்டது. மார்ச் மாதம் பாலக்காட்டு வெயில் ஏறியபோது, தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் சோர்ந்து மருந்து தேங்கும் என்று இளநீரும் மோரும் எத்தனை தம்ளர் என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு வருகையிலும் செவிலியர் பேச்சை நிறுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவார். பதினான்கு, பதினாறு என்று வரும். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும் என்பதுதான் இந்த வகை மருந்துகளின் பெரிய ஆபத்து. ஆனால் சிறிது சிறிதாக ஏற்றும்போது மூச்சு குறைவதற்கு முன்பே எழுப்ப முடியாத தூக்கம் வரும், அதைப் பார்த்தவுடன் அடுத்த மாத்திரையை நிறுத்தி எங்களைக் கூப்பிடுங்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள்.

அடிமையாகிவிடுமா என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் வேறு விதமாக வந்தது. எங்கள் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு, அந்தப் பக்கம் கள்ளே கூடாது. போதை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. "எந்நேரமும் மப்புல கெடக்கணுமா?" என்று அம்மாவே பயந்தார். அந்த மருத்துவர் மூன்றைப் பிரித்துக் காட்டினார். நாளடைவில் அதே அளவு போதாமல் ஏற்ற வேண்டி வருவது ஒன்று. திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கி வியர்ப்பது இரண்டு, அதனால்தான் நிறுத்தும்போதும் படிப்படியாக இறக்க வேண்டும். வலிக்காக அல்லாமல் மருந்துக்காகவே மருந்தைத் தேடி அலைவது மூன்று. முதல் இரண்டும் உடம்பின் இயல்பு, மூன்றாவதுதான் அடிமைத்தனம், முறையாகக் கொடுக்கப்படும் புற்றுநோய் வலியில் அது அரிது என்றார். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன் தம் நாள்பட்ட முதுகுவலிக்கு இதையே கேட்டபோது, மருத்துவர் சிறிதும் யோசிக்காமல் மறுத்துவிட்டார். அமெரிக்காவில் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற, மார்பின் போன்ற மாத்திரை சந்தைக்கு வந்தபின், சாதாரண வலிகளுக்கெல்லாம் இந்த வகை மருந்தை அள்ளிக் கொடுத்து ஒரு தலைமுறையே சிக்கிக்கொண்ட கதையை அவருக்குச் சொல்லி, உடற்பயிற்சிக்கு அனுப்பினார். மருந்தைக் கொடுப்பதில் காட்டிய அக்கறையை மறுப்பதிலும் காட்டியதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது.

இனி குறைகள். முதலாவது, இரவு. எட்டாவது வாரத்தில் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு, பக்கம் திரும்பிப் படுத்த அம்மாவுக்கு இடுப்பில் பதினாறு அணா வலி வந்தது. அடுத்த மாத்திரைக்கு நாலரை மணி நேரம் இருந்தது. இடையில் கொடுக்கலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரியாது. சேவைக்குக் கொடுத்திருந்த எண் பகல் நேரத்துக்கு மட்டுமானது. விடியும் வரை நானும் என் மனைவியும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் செவிலியர் பதறிவிட்டார். இப்படி இடையில் பீறிடும் வலிக்கு, நான்கு மணிக்கொருமுறை கொடுக்கும் அதே அளவைக் கூடுதலாக ஒன்று கொடுக்கலாம், ஆனால் அடுத்த வேளையைத் தள்ளிப்போடக் கூடாது, இப்படி எத்தனை முறை கொடுத்தோம் என்று குறித்து வைத்தால் அதைக் கொண்டுதான் மொத்த அளவைத் திருத்துவார்கள் என்பதை அன்றுதான் அட்டையில் எழுதித் தந்தார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. மற்ற எல்லாவற்றையும் மும்முறை சொன்னவர்கள் இதை விட்டுவிட்டார்கள். இரவு அழைப்புக்கு ஒருவர் இல்லாத வலி சேவையை முழுமையானது என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது, மொழி. நோயாளி அட்டை, மருந்து நேரம், எச்சரிக்கைகள் எல்லாம் மலையாளத்தில் மட்டும் அச்சடிக்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது. நான் வெளியே போயிருந்த ஒரு நாள் மலமிளக்கியையும் மார்பினையும் மாற்றிக் கொடுக்கப் பார்த்து, மாத்திரையின் நிறத்தைக் கண்டு என் மனைவி கையை இழுத்துக்கொண்டார். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. நாம் எழுதுவதை விடுங்கள், மருந்து அட்டையாவது நமக்குப் புரிய வேண்டாமா?

மூன்றாவது குறை அவர்களுடையது என்று முழுவதும் சொல்ல முடியாது. பொங்கலுக்கு அம்மா பொள்ளாச்சிப் பக்கம் தங்கை வீட்டில் பத்து நாள் இருக்க ஆசைப்பட்டார். தமிழ்நாட்டிலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பாலியேட்டிவ் பார்ப்பது உண்டு. ஆயினும் இந்தப் பக்கத்துச் சீட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையில் மார்பின் வாங்க முடியவில்லை. நான்கு கடைகளில் தலையை ஆட்டினார்கள், ஐந்தாவது கடையில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நல்ல வேளையாகச் செவிலியர் முன்யோசனையோடு இரண்டு வார மாத்திரையும், நோயும் அளவும் குறித்த கடிதமும் வாங்கித் தந்திருந்தார். எல்லை தாண்டிப் போகிறவர்கள் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்காமல் புறப்பட வேண்டாம்.

கடைசி ஒரு மாதம் அம்மாவுக்கு விழுங்குவது மிகவும் சிரமமாகிவிட்டது. மார்பில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைக்கு மாற்றினார்கள்; அதுவும் மார்பின் போன்ற மருந்துதான், தோல் வழியே இறங்கும். ஒரு பட்டை 72 மணி நேரம் தாங்கும்; ஒட்டியவுடன் வேலை தொடங்காது, முழுப் பலன் தெரிய அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அதுவரை மார்பினை நிறுத்தாமல் கொடுத்தார்கள். பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக இறங்கிவிடும் என்று சொல்லி, அம்மாவின் கட்டிலை மேற்குச் சன்னலிலிருந்து தாமே நகர்த்திப் போட்டார்கள். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும் என்பதால் அதை உள்பக்கமாக மடித்துத் திருப்பித் தரச் சொன்னார்கள். பேரப் பிள்ளைகள் இருக்கும் வீடு.

அம்மா தவறிய பதினோராம் நாள் ஜீப் வந்தது. மீதமிருந்த மாத்திரைகளைச் செவிலியர் ஒரு தட்டில் கொட்டி இரண்டிரண்டாக எண்ணினார். பதினேழு இருந்தன. என் கோட்டுத் தாளையும் அவருடைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார். நீர்ப்படுக்கையை ஓட்டுநர் சுருட்டிக் கட்டினார், வடகரப்பதியில் ஒருவர் காத்திருக்கிறாராம். புறப்படும் முன், அட்டையை முழுவதும் தமிழில் நான் எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தை அவரிடம் கொடுத்தேன், பத்தோடு சேர்த்து அணாக் கணக்கையும் அதில் போட்டிருந்தேன். ஊராட்சியில் அது இன்னும் அச்சாகவில்லை. இப்போதைக்குச் செவிலியரே கடையில் நகலெடுத்து, தமிழ் வீடுகளுக்குப் போகும்போது அட்டையின் பின்னால் பின் குத்திக் கொடுக்கிறார்.